ஆடுதுறை 27-இலிருந்து தொடங்கும் ஒரு கோரிக்கை

எல்லை கடந்து வரும் ஆராய்ச்சி உதவி காவிரிப் படுகைக்குப் புதியதன்று. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவோடு கட்டாக்கில் நடந்த நெல் கலப்புத் திட்டத்தில், ஜப்பானின் நோரின் 10 ரகமும் நம் ஜி.இ.பி. 24 ரகமும் சேர்ந்து பிறந்த ஆடுதுறை 27, 1960-களில் தஞ்சையின் குறுவை வயல்களில் பரவியது. 2021-இல் இந்திய அமெரிக்க அறிவியல் தொழில்நுட்ப மன்றம் செயற்கை நுண்ணறிவுக்கான கூட்டு முயற்சியைத் தொடங்கி, வேளாண்மையையும் மருத்துவத்தையும் அதில் சேர்த்தபோது எனக்கு அந்த நெல்தான் நினைவுக்கு வந்தது.

மருத்துவத்தில் இப்படி எல்லை கடந்து சேர்ந்து உழைப்பதன் பலனைக் கண்டிருக்கிறோம். நீரிழிவு விழித்திரை நோயைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியால் கண்டறியும் கூகுளின் 2016-ஆம் ஆண்டு ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் இருந்தன. 1,28,175 படங்களை, ஒவ்வொன்றையும் 3 முதல் 7 முறை, கண் மருத்துவத் துறையினர் 54 பேர் பார்த்துத் தரம் பிரித்தார்கள். அந்தப் பொறுமையான உழைப்புதான் கருவியைக் கருவியாக்கியது.

வயலுக்கு அந்த உழைப்பு இன்னும் வந்து சேரவில்லை. சென்ற சம்பாவில் எங்கள் நாற்றைப் படமெடுத்தபோது கைபேசிச் செயலி தழைச்சத்துக் குறைவு என்றது. பெரியப்பா குனிந்து, காய்ந்திருந்த நடுக்குருத்தை இரண்டு விரலால் இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது, அடியில் புழு கடித்த தடம் இருந்தது. குருத்துப்பூச்சி.

அந்த இந்திய அமெரிக்கக் கூட்டு முயற்சியின் நிதியில் கணிசமான பங்கு அந்த விரல்களின் அறிவைப் பதிவு செய்வதற்கே செலவாக வேண்டும். படங்களுக்குப் பெயரிடும் விவசாயிகளுக்கும் கிராமச் செவிலியர்களுக்கும் ஊதியம் முதல் நாளிலேயே திட்ட மதிப்பீட்டில் எழுதப்பட வேண்டும்.