இரண்டாம் முறை கல்லானவள்

நேற்று இரவு புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தை மறுபடி வாசித்தேன். 1943இல் வெளிவந்த சிறுகதை. மனசு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ராமனின் பாத தூளி பட்டு அகலிகை உயிர் பெற்றதோடு பழைய கதை முடிகிறது. இவர் அதற்கு அப்புறம் என்ன என்று கேட்கிறார். சாபம் போய்விட்டது, சரி. ஊரார் பார்வை போகவில்லையே. அவளுக்கும் தன்மேல் நம்பிக்கை முழுசாகத் திரும்பவில்லை. அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம் ராமன்.

வனவாசம் முடிந்து வந்த சீதை, தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதைச் சாதாரணமாகச் சொல்லிச் சிரிக்கிறாள். அகலிகை பதறிப்போகிறாள். அவரா கேட்டார்? தனக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதியா? எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது. நம்பிய தெய்வத்திடமே நியாயம் கேட்க வேண்டி வருவது எவ்வளவு பெரிய தனிமை!

கடைசியில் அவள் மறுபடி கல்லாகிறாள். முதல் முறை அது கணவன் இட்ட சாபம். இந்த முறை யாருமே சபிக்கவில்லை. கோதமர் அன்போடுதான் அவளை அணைக்க வருகிறார்.