"எல்லாமே ஒரிஜினல்" என்ற காடிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

பினாங்கில் பழைய காடி (கார்) பார்க்கப் போனால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே விற்பவர் சொல்லிவிடுவார்: "எல்லாமே ஒரிஜினல் அண்ணே." அந்தச் சொல்லுக்கு மட்டும் விலையில் சில ஆயிரம் ரிங்கிட் ஏறி உட்கார்ந்திருக்கும். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பளபளக்கும் பெயிண்டைக் காட்டுவார், இல்லையென்றால் கெரானை (காடியின் பதிவுப் பத்திரத்தை) எடுத்து நீட்டுவார். இரண்டுமே அதற்குச் சாட்சி ஆகாது.

நான் விலை மதிக்கும்போது ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரே கேள்வியால்தான் பிரிக்கிறேன். இதை ஸ்பேனரை வைத்துப் பழையபடி ஆக்க முடியுமா, அல்லது யாரோ தகரத்தை வெட்டிவிட்டார்களா? முதல் வகை வெறும் செலவுக் கணக்கு. பழைய பாகம் என்ன விலை, ஃபோர்மேன் (மெக்கானிக்) கூலி எவ்வளவு என்று கூட்டிக் கழித்தால் முடிந்தது. இரண்டாம் வகைக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. நம் ஊர்ச் சந்தையில் பலர் இதைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். ரேடியோ மாறியிருக்கிறது, ரிம் மாறியிருக்கிறது என்று விலையைக் குறைக்கச் சொல்வார்கள். எஞ்சினுக்கும் உள்பகுதிக்கும் நடுவே நிற்கும் தகரமான ஃபயர்வாலில் பெரிய துளை போட்டிருப்பதைக் கவனிக்காமல் முழுக் காசு கொடுத்துவிடுவார்கள்.

முதலில் கெரான் விஷயத்தை முடித்துவிடுவோம். பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை மையத்தில் பி5 (B5) பரிசோதனை நடக்கும். அங்கே எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒத்துப்போனால் பாஸ். ஆனால் 20 வருடத்துக்கு முன் ஒருவர் எஞ்சினை மாற்றி, முறையாக ஜேபிஜேயில் அறிவித்து, புதிய எண்ணைப் பதிவில் ஏற்றியிருந்தாலும் அந்தக் காடி பாஸ்தான். சட்டப்படி அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் தொழிற்சாலையிலிருந்து அந்த எஞ்சினோடுதான் காடி வெளிவந்தது என்பதற்குக் கெரான் ஆதாரம் இல்லை. வேறு வகை எஞ்சின் ஏறியிருந்தால் காட்டிக்கொடுப்பது எஞ்சின் எண்ணின் முன்னெழுத்துதான்.

வோக்ஸ்வேகன் பீட்டிலை எடுத்துக்கொள்வோம், அதில்தான் இது தெளிவாகத் தெரியும். எஞ்சின் எண் டைனமோ நிற்கும் ஸ்டாண்டுக்குக் கீழே கிரேங்க்கேஸில் அடிக்கப்பட்டிருக்கும். 1960-களின் பிற்பாதியில் வந்த 1200 எஞ்சினுக்கு 'டி' (D), 1965 ஆகஸ்டில் வந்த 1300-க்கு 'எஃப்', அடுத்த வருடம் வந்த 1500-க்கு 'எச்', 1970-களின் தொடக்கத்தில் வந்த 1600-க்கு 'ஏடி' (AD) என்று தொடங்கும். கெரானில் தயாரிப்பு வருடம் 1966 என்றிருந்து, எஞ்சின் எண் 'ஏடி' என்று தொடங்கினால், எண்கள் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அது பிற்கால எஞ்சின். ஓட்டுவதற்கு 1600 நல்ல எஞ்சின்தான், தாராளமாக வாங்கலாம். "மேட்சிங் நம்பர்" (தொழிற்சாலையில் வந்த அதே எஞ்சின்) என்ற பெயரில் மட்டும் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கக் கூடாது.

அடுத்து பின் சீட்டைத் தூக்குங்கள். தரையின் நடுவில் மேடாக ஓடும் டனலின் மேல் சேஸி எண் இருக்கும். 1964 ஆகஸ்டிலிருந்து அது ஒன்பது இலக்கம். முதல் இரண்டும் 11, மூன்றாவது இலக்கம் மாடல் வருடம். 115 என்றால் 1965 மாடல், 116 என்றால் 1966. 1969 ஆகஸ்டிலிருந்து பத்து இலக்கம் ஆகிவிட்டது. இதே எண் முன்பக்கம், ஸ்பேர் டயருக்குப் பின்னால் உள்ள தகட்டிலும் இருக்க வேண்டும். தகட்டை ரிவெட் அடித்து மாற்றிவிடலாம் என்பதால் டனலில் உள்ள எண்ணையே நம்புங்கள். எண்ணைச் சுற்றிக் கிரைண்டர் தடமோ, சதுரமாக வெல்டிங் கோடோ, அந்த இடத்தில் மட்டும் தடிப்பான பெயிண்டோ இருந்தால் பேரம் பேச வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள். அது விலை குறையும் விஷயம் இல்லை. ஜேபிஜே பறிமுதல் செய்யக்கூடிய விஷயம்.

பீட்டிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாடியும் அடித்தளமும் தனித்தனி, இரண்டையும் போல்ட்டுகள்தான் சேர்த்துப் பிடிக்கின்றன. நம் ஈரத்தில் ஒன்று துருப்பிடித்துப் போனால், வேறு காடியின் பாடியை எடுத்து இதன் அடித்தளத்தில் உட்கார வைப்பது பட்டறைகளில் சாதாரணம். எண் அடித்தளத்தில் இருப்பதால் பதிவு பழைய வருடத்தையே காட்டும். கண்டுபிடிக்க பாடியில் தேட வேண்டும். மட்கார்டு, பம்பர், ஹெட்லைட் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை, அவற்றை வைத்து முடிவு கட்டாதீர்கள். பெட்ரோல் ஊற்றும் மூடி 1968 மாடலிலிருந்துதான் வெளியே, முன் வலதுபுறம் பாடித் தகரத்தில் வந்தது. அதற்கு முன் பானெட்டைத் திறந்துதான் ஊற்ற வேண்டும். பின் பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பிறை வடிவக் காற்றுத் துளைகள் 1971 மாடலில் வந்தவை. டனலில் 116 என்றிருந்து பாடியில் பிறைத்துளை தெரிந்தால், உங்கள் முன் நிற்பது இரண்டு காடி. நன்றாக ஓடும், அழகாகவும் இருக்கும். ஆனால் 1966 பீட்டில் விலைக்கு அதை வாங்கக் கூடாது.

மோரிஸ் மைனரில் கதை வேறு. அங்கே பாடியே சேஸி. எஞ்சின் எண் பிளாக்கில் ஒரு சிறு தகட்டில் இருக்கும்: 948 சிசி எஞ்சினுக்கு 9எம், 1962-இல் வந்த 1098-க்கு 10எம்ஏ என்று தொடங்கும். இந்த இரண்டுக்குள் மாறியிருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரே குடும்பத்து எஞ்சின், வேறு மைனரில் இருந்து எடுத்துத் திரும்ப வைக்கலாம். டத்சன் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏற்றிய மைனர் வந்தால்தான் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குத் தகரம் மைனரில் உடம்பின் பலத்துக்கே சேர்ந்த பகுதி. அதை வெட்டி ஒதுக்கி, டனலையும் சுத்தியலால் தட்டி அகலப்படுத்தியிருந்தால், அசல் எஞ்சினை இலவசமாகக் கொடுத்தாலும் காடி பழைய நிலைக்குத் திரும்பாது. குறுக்குத் தகரம் முழுசாக இருந்து, தனியாகச் செய்த மவுண்டிங்கில் எஞ்சின் உட்கார்ந்திருந்தால் அது செலவுக் கணக்குக்குள் வந்துவிடும்.

ஏர்கோனையும் இப்படித்தான் பார்க்கிறேன். நம் வெயிலில் ஏர்கோன் போட்டதற்காக ஒரு காடியைக் குறைத்து மதிப்பது அநியாயம். டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் பெட்டி, ரப்பர் வளையம் போட்ட இரண்டு ஹோஸ் துளை என்றால் ஒரு ரிங்கிட்கூடக் குறைக்க மாட்டேன். டேஷ்போர்டை அறுத்து நவீன வென்ட் பதித்திருந்தால் குறைப்பேன். மைனரின் லூக்கஸ் சி40 டைனமோ 22 ஆம்பியர்தான் தரும். ஏர்கோனை அது தாங்காது என்பதால் ஆல்டர்னேட்டர் போட்டிருப்பார்கள், பாசிட்டிவ் எர்த்தை (பாடியோடு சேரும் பேட்டரி முனையை) நெகட்டிவ் ஆக்கியிருப்பார்கள். கழற்றிய டைனமோவும் ரெகுலேட்டரும் எங்கே என்று கேளுங்கள். பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கும் உரிமையாளருக்கு நான் முழு விலை கொடுக்கத் தயார். கார்ப்பரேட்டர், ஹப் கேப், அசல் ஸ்டீயரிங், ஜாக், டூல் பை, கையேடு என்று அந்தப் பெட்டியில் கிடக்கும் ஒவ்வொன்றுக்கும் பணம் உண்டு. இல்லையென்றால் நாம்தான் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் காலையில் போய்த் தேட வேண்டியிருக்கும்.

எந்தப் பாகம் அசலாக இருக்க வேண்டும் என்பது காடிக்குக் காடி மாறும். மைனருக்கும் பீட்டிலுக்கும் ரப்பர், விளக்கு, மட்கார்டு, சீட் துணி எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அவற்றில் ட்ரிம் (அலங்காரப் பாகங்கள்) இல்லாதது பெரிய குறை இல்லை. டத்சன் 120ஒய், டொயோட்டா கரோலா கேஇ20, கேஇ30 போன்றவற்றில் நிலைமை நேர்மாறு. எஞ்சின் உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். கரோலாவின் 3கே எஞ்சினைப் பிரிக்கத் தெரியாத ஃபோர்மேன் இங்கே இல்லை. ஆனால் வெடிக்காத டேஷ்போர்டு, உடையாத கிரில், கதவு உள்பலகை, பின்விளக்குக் கண்ணாடி, எம்பிளம் இவை எல்லாம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆகவே எஞ்சின் மாறி, உள்ளே எல்லாம் முழுசாக இருக்கும் 120ஒய்யை, அசல் எஞ்சினோடு டேஷ்போர்டு பிளந்து கிடக்கும் 120ஒய்யைவிட உயர்வாக மதிக்கிறேன். இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் உண்டு. டேஷ்போர்டு தேடி அலைந்தவர்கள் போட மாட்டார்கள். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவுக்கும் இதே நிலை வந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் மலிவு, ஆரம்பகால உள் ட்ரிம் அரிது.

தகரமும் பெயிண்டும்

மெர்சிடீஸ் டபிள்யூ123 (1976 முதல் 1985-86 வரை வந்தது) பார்ப்பவர்கள் பெயிண்ட் அளக்கும் கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் காட்டும். 200, 300 என்றால் மேலே ஒரு முறை அடித்திருக்கிறார்கள். 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) இருக்கிறது. 1000-க்கு மேல் போனால் அந்த இடத்தில் தகரம் எவ்வளவு மிச்சம் என்பதே சந்தேகம். ஒரே பேனலில் ஐந்தாறு இடம் அளக்க வேண்டும், குறிப்பாகக் கீழ் ஓரம். கருவி இல்லையென்றால் மெல்லிய துணி சுற்றிய காந்தம் போதும். பட்டி மேல் அது நிற்காமல் வழுக்கும்.

டபிள்யூ123-இன் முன் மட்கார்டுகள் போல்ட்டில் நிற்பவை. போல்ட் தலையில் பெயிண்ட் உடையாமல் இருந்தால் அவை கழற்றப்படவே இல்லை. ரேடியேட்டர் இருக்கும் குறுக்குத் தகரத்தில் ஸ்பாட் வெல்டிங் வட்டங்கள் ஒரே இடைவெளியில் வரிசையாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் வழுவழுப்பாக இருந்தால் முன்புறம் அடிபட்டுத் திருத்தியது. அங்கேயே உள்ள தகட்டில் பெயிண்ட் எண் இருக்கும். வெள்ளைக்கு 737, மிட்நைட் நீலத்துக்கு 904. காடி சிவப்பாக இருந்து தகடு 737 என்றால் நிறம் மாற்றியது. நிறம் மாறினால் ஜேபிஜே பதிவும் மாறியிருக்க வேண்டும், அதையும் பாருங்கள். தயாரிப்பு விவரங்கள் அடங்கிய டேட்டா கார்டு கிடைத்தால் சீட் எண்ணைப் படியுங்கள். 1-இல் தொடங்கினால் எம்பி-டெக்ஸ் (வினைல்), 2-இல் தொடங்கினால் தோல். 1-இல் தொடங்கும் காடியில் தோல் சீட் இருந்தால் அது பிறகு தைத்தது. எஞ்சின் எண்ணும் பேசும்: 230இ (230E) மாடல் என்றால் 102.980, 240டி (240D) என்றால் 616.912 என்று தொடங்கும்.

கார்ப்பெட்டைத் தூக்கிக் கால் வைக்கும் இடத்தைப் பார்க்காமல் டபிள்யூ123 வாங்கவே கூடாது. முன்கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் துளை இலையால் அடைத்தால், மழை நீர் உள்ளே இறங்கித் தரையை அரிக்கும். தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி பக்கம் கடலோரத்தில் நின்ற காடிகளில் ஜாக் வைக்கும் இடங்களையும் விரலால் அழுத்திப் பாருங்கள்.

பெயிண்டைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. வெயிலில் மங்கி, இரண்டு இடத்தில் கீறி, ஆனால் தொழிற்சாலைப் பெயிண்டோடே நிற்கும் காடி, புதிதாக அடித்துப் பளபளக்கும் காடியைவிட மதிப்புள்ளது. அதில் உள்ள குறை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, மறைக்க ஒன்றும் இல்லை. பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவாவும் அசல், பராமரிக்கப்பட்டது, சீரமைக்கப்பட்டது, மறுபடி கட்டப்பட்டது என்று நான்காகப் பிரித்துத்தான் பார்க்கிறது. மறுபடி கட்டியதை எவ்வளவு செலவு செய்தாலும் முதல் வகைக்குக் கொண்டுபோக முடியாது. விலை வித்தியாசத்துக்கு அதுதான் காரணம்.

இங்கே பூட்டிய காடி

ஐரோப்பியப் புத்தகத்தை வைத்து நம் ஊர்க் காடியை அளந்தால் தப்பாகிவிடும். 1967-இல் ஷா ஆலாமில் வோல்வோ பூட்டும் ஆலை திறந்ததிலிருந்து பல மார்க் காடிகள் பாகங்களாக வந்து இங்கேயே பூட்டப்பட்டவை. சீட் துணி, கண்ணாடி, பேட்டரி, சில ட்ரிம் என்று ஐரோப்பிய மாடலோடு வேறுபடும். அந்த வேறுபாடுதான் அந்தக் காடிக்கு ஒரிஜினல். இங்கே பூட்டிய காடியின் வினைல் சீட்டைக் கழற்றிவிட்டு இங்கிலாந்திலிருந்து துணி சீட் இறக்கிப் போட்டவர், செலவு செய்து மதிப்பைக் குறைத்திருக்கிறார்.

நம்பர் பிளேட்டும் இதில் சேரும். நம் நாட்டில் எண் காடியோடே பிறந்து காடியோடே இருக்கும், யாராவது பிரித்து விற்காத வரை. கோலாலம்பூருக்கு 'டபிள்யூ' எண் வந்தது 1974-இல், அதற்கு முன் அங்கே சிலாங்கூரின் 'பி' (B) எண்தான். 1966 காடியில் 'டபிள்யூ' இருந்தால், பழைய எண்ணை விற்றிருக்கலாம் அல்லது பிறகு பதிவாகியிருக்கலாம். ஏன் என்று கேளுங்கள். முதல் பினாங்கு எண்ணோடும் பழைய பதிவுப் புத்தகத்தோடும் வரும் காடிக்குக் கூடுதலாகக் கொடுப்பதை நான் வீண் செலவு என்று சொல்ல மாட்டேன்.

கணக்கு இப்படிப் போகும். வெட்டாத மைனர் 30,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் முன் நிற்பதில் டத்சன் எஞ்சின், தகரம் வெட்டவில்லை. 10எம்ஏ எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், கூலி, ஜேபிஜே பதிவு மாற்றம் எல்லாம் சேர்த்து 9,000 ஆகும் என்று ஃபோர்மேன் சொன்னால், 20,000-க்கு மேல் கொடுக்காதீர்கள். அலைச்சலுக்கு 1,000 கழித்துக்கொண்டேன். தகரம் வெட்டியிருந்தால் 30,000-இலிருந்து கழிக்கவே வேண்டாம். வெட்டிய மைனர்கள் என்ன விலைக்குப் போகின்றனவோ அங்கிருந்து தொடங்குங்கள்.

பிரேக் ஹோஸ், டயர், பெல்ட், பெட்ரோல் குழாய் இவற்றில் ஒரிஜினல் தேடாதீர்கள். 30 வருட ரப்பருக்கு மதிப்பு இல்லை, ஆபத்துதான் உண்டு. விலையில் பாதுகாப்புச் செலவைத் தனியாகக் கழித்துக்கொள்ளுங்கள்.

கெரானில் உள்ள பெயர் உயிரோடு இருப்பவருடையதா என்று முன்பணம் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள். இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசு ஆவணம் இல்லாமல் பெயர் மாறாது, எவ்வளவு ஒரிஜினலாக இருந்தாலும் காடி கொட்டகையில்தான் நிற்கும். வாங்கிய பிறகு காப்புறுதிக்கு ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி தருவார்களா என்று விசாரியுங்கள். பல கம்பெனிகள் பழைய காடிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே தரும். மதிப்பீட்டாளர் வரும்போது காட்ட சேஸி எண், எஞ்சின் எண், தகடு, சீட்டுக்குக் கீழ், கார்ப்பெட்டுக்குக் கீழ் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருங்கள். விற்பவர் தருவதாகச் சொன்ன பழைய பாகப் பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்பதை விற்பனைத் தாளிலேயே ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியைக் காடியோடு அன்றே ஏற்றிவிடுங்கள்.