வடக்கன்குளத்திலிருந்து காற்றாடிமலைக்கு

வடக்கன்குளம் திருக்குடும்பக் கோயிலுக்கு நான் கடைசியாகப் போனது பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது. போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மறுபடி போனேன். மனைவியும் கூட வந்தாள். "திடீர்னு என்ன வடக்கன்குளம்?" என்று கேட்டாள். "புனிதர் தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்கின இடத்திலிருந்து உயிர்விட்ட இடம்வரைக்கும் ஒரு தடவை போய்வரணும்னு தோணுது" என்றேன். அது பாதி உண்மை. மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

எங்கள் மகள் 2022 பிப்ரவரியில் தானாகத் தேர்ந்தெடுத்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல பையன், கத்தோலிக்கன், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். ஆனால் சாதி வேறு. நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. பேத்தி பிறந்தபோதும் போகவில்லை. அவளுடைய ஞானஸ்நானத்துக்கு அழைப்பு அட்டை வந்தது. அதைப் பைபிளுக்குள் வைத்து மூடினேன். கிழித்துப் போடவும் மனமில்லை, எடுத்துப் பார்க்கவும் மனமில்லை.

இந்த மூன்று வருடங்களில் நான் ஒரு ஞாயிறு பூசையைக்கூடத் தவறவிட்டதில்லை. பாவமன்னிப்புக்கான ஒரே திருமுழுக்கை, அதாவது ஞானஸ்நானத்தை, ஏற்றுக்கொள்கிறேன் என்று எல்லாரோடும் சேர்ந்து சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். விசுவாசம் இல்லாதவர்கள் என்றால் கோயிலுக்கு வராதவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் ஒரு ராத்திரி குடும்ப ஜெபத்துக்காகப் பைபிளைத் திறந்தேன். அந்த அட்டை இருந்த பக்கம் தானாக விரிந்தது. மாற்கு, ஒன்பதாம் அதிகாரம். தீய ஆவி பிடித்த மகனை ஆண்டவரிடம் கொண்டுவரும் தகப்பனின் கதை. நம்புகிறேன் என்கிறான், அடுத்த மூச்சிலேயே என் நம்பிக்கையின்மை நீங்க உதவும் என்று கதறுகிறான். ஒரே ஆளுக்குள் இரண்டும் இருக்கின்றன. அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆண்டவரிடம் ஓடிவந்த தகப்பன். நான் பிள்ளை வந்து நின்ற வாசலைச் சாத்தியவன். அன்று ஜெபத்தை முடிக்க முடியவில்லை. அட்டையில் பேத்தியின் பெயரை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். என் அம்மாவின் பெயரை வைத்திருந்தார்கள்.

வடக்கன்குளத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1745 மே 14ஆம் தேதி, இயேசு சபைக் குரு புத்தாரி சுவாமியிடம் நீலகண்டன் இங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்குக் கொடுத்த ஞானஸ்நானப் பெயர் லாசர். அதற்குக் கடவுளின் உதவி என்று பொருள். அதைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று பெயர் வைத்தார்கள். அவர் காலத்துக்கு நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து, 1872இல், அதே ஊரில் ஒரு பெரிய கோயில் எழும்பியது. கால்சட்டையின் இரண்டு கால்களைப்போல இரண்டு நீண்ட கூடங்கள், இரண்டும் போய்ச் சேரும் முனையில் பீடம், நடுவில் சுவர். ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் மற்றவர்கள். பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரண்டு பக்கமும் தெரியும், ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்க முடியாது. ஒரே அப்பத்திலிருந்து நற்கருணை வாங்க வந்தவர்களுக்கு இடையில் சுண்ணாம்பும் செங்கல்லும்! 1910இல் கௌசானல் சுவாமி காலத்தில்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள்.

இதையெல்லாம் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்து ஆட்களின் அறியாமை என்று சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். இந்தத் தடவை கோயிலுக்குள் நின்றபோது சிரிப்பு வரவில்லை. அந்தச் சுவர் எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று கண்ணால் தேடிக்கொண்டே நின்றேன். வழக்குப் போட்டவர்களும் தினமும் செபமாலை சொன்னவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். என் மாதிரி.

மனைவி முழங்காலில் இருந்து எழுந்து வந்து, "என்னத்தைப் பாக்கீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

அங்கிருந்து காவல்கிணறு வந்து, நாகர்கோவில் பஸ் ஏறி ஆரல்வாய்மொழியில் இறங்கினோம். முப்பந்தல் நெடுகக் காற்றாலைகள் வெறிபிடித்தமாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. ஆடிக்காற்று அந்தக் கணவாயில் எப்படி அடிக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். மனைவி சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

தேவசகாயம் நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர். மார்த்தாண்ட வர்மா காலத்துத் திருவிதாங்கூரில் அரண்மனை வேலை, நல்ல செல்வாக்கு. அடுத்தடுத்துக் கஷ்டம் வந்து மனம் ஒடிந்திருந்த நேரத்தில் டிலனாய் என்கிற அதிகாரி அவரிடம் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். குளச்சல் போரில் 1741இல் டச்சுக்காரர்கள் பக்கம் நின்று பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். ஆடுமாடு, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் போன யோபு கடவுளிடம் சண்டை போடுகிறார், கேள்வி கேட்கிறார், ஆனால் விட்டுவிட்டுப் போகவில்லை. அந்தக் கதைதான் தேவசகாயத்தின் உள்ளே இறங்கியது. விசுவாசத்தை அவர் சந்தேகத்தின் வாசல் வழியாகத்தான் பெற்றார் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவர் வீட்டுக்குள் அடங்கிக் கும்பிடவில்லை. சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார், எல்லாரும் சமம் என்று பேசினார். மேல்சாதிக்காரர்களின் வெறுப்புக்கு அது ஒரு பெரிய காரணம். ராஜதுரோகம் என்று பொய்க் குற்றம் சுமத்தி 1749 பிப்ரவரியில் பிடித்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மாட்டின் மேல் உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். ஏறக்குறைய மூன்று வருடம் இப்படி. ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் பழைய பதவி, பழைய மரியாதை எல்லாம் திரும்பக் கிடைத்திருக்கும். 1752 ஜனவரி 14ஆம் தேதி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

2022 மே 15ஆம் தேதி ரோமில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நாங்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர், அதுவும் நம்ம மாவட்டத்துக்காரர். ஊரெல்லாம் வெடிச் சத்தம். நான் அழுதுவிட்டேன். அவர் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பெயரை நீக்கிவிட்டுத்தான் அறிவித்தார்கள், அதையும் சரி என்று வீட்டில் பேசிக்கொண்டேன். அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் கூப்பிட்டிருப்பாள். மணி அடித்து முடியும்வரை போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காற்றாடிமலை அடிவாரத்தில் வியாகுல அன்னை கோயில். முதலில் மலையேறினோம். மனைவிக்கு முழங்கால் வலி, நின்று நின்றுதான் ஏறினாள். மேலே மணியடிச்சான் பாறையைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். தேவசகாயம் இறந்தபோது இந்தப் பாறை உருண்டு விழுந்து மணிபோல ஒலித்தது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இப்போதும் கல்லால் தட்டினால் கல் சத்தமாக இருக்காது, வெண்கலச் சத்தம் வரும். பாசி மணி மாலை போட்ட ஒரு பாட்டி தன் கையிலிருந்த உருண்டைக் கல்லை என்னிடம் நீட்டி, "தட்டுங்க மக்கா" என்றார். கல் அவர் உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது. தட்டினேன். காற்றின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்த நாதம் தனியாகக் கேட்டது.

பூசை தொடங்கும்போது, சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும் என்று சொல்லி நெஞ்சில் தட்டிக்கொள்கிறோமே, அது ஞாபகம் வந்தது. கடமையில் தவறியதாலும். மூன்று வருடமாக நான் அந்த வார்த்தையைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

கீழே இறங்கியதும் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு குருவிடம் போய் முழங்காலில் இருந்தேன். வழக்கமான பட்டியலில்தான் ஆரம்பித்தேன்: கோபப்பட்டேன், ஜெபத்தில் பராக்குப் பார்த்தேன்.

"வேற?"

"மகள் வீட்டுக்குப் போகல, சாமி. மூணு வருஷமாச்சு."

"ஏன்?"

"மனசு வரல, சாமி."

"ஏன்னு கேட்டேன்."

நாற்பது வருடத்துக்கு மேல் பாவசங்கீர்த்தனம் செய்துவருகிறேன். அந்தச் சொல்லை அந்த இடத்தில் ஒருநாளும் உச்சரித்ததில்லை. அதைப் பாவம் என்று எண்ணியதே இல்லை. குடும்ப மானம், ஊர் வழக்கம், பெரியவர்கள் பேச்சு என்று அதற்கு நான் எத்தனையோ பெயர் வைத்திருந்தேன்.

"சாதி, சாமி" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. நானாகத்தான் மேலே சொன்னேன்: "தப்புன்னு தெரியுது. ஆனா உள்ளுக்குள்ள அது அப்படியே இருக்கு. போகும்னு எனக்கு நம்பிக்கை இல்ல." சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது. கடவுள் கல்லறையைத் திறந்தார் என்று நம்பிய நான், என் மனதை அவரால் திறக்க முடியும் என்று நம்பவில்லை. ஞானஸ்நானத் தண்ணீர் எல்லாரையும் ஒரே குடும்பமாக்குகிறது என்பதையும் நம்பவில்லை. நம்பியிருந்தால் மருமகனும் எனக்குப் பிள்ளைதான்.

குரு சொன்னார்: "போச்சா, போச்சான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. அபராதமா, அவங்க வீட்டுல போய் ஒருவேளை சாப்பிட்டுட்டு வாங்க. மனசு வந்தபிறகு போகலாம்னு நினைக்காதீங்க. போங்க, அது பின்னால வரும்."

பத்து அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். இதைவிட நூறு செபமாலை சுலபம்.

சாயங்காலம் கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குப் போய்த் தேவசகாயத்தின் கல்லறையில் கொஞ்ச நேரம் இருந்தோம். இந்த வழியில் போகிறவர்கள் அதை விட்டுவிடாதீர்கள். நேரம் இருந்தால் நட்டாலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லறையில் நான் கேட்டது ஒன்றுதான்: நாளைக் காலையில் ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

சாக்கு வரத்தான் செய்தது. ராத்திரி தூக்கமில்லை. ஊரில் தெரிந்தால் என்ன பேசுவார்கள், அண்ணன் குடும்பம் என்ன சொல்லும், இத்தனை நாள் பிடித்த பிடியை விட்டால் என்ன மதிப்பு. பழைய குரல் ஒன்றுவிடாமல் எடுத்துவைத்தது. பாவசங்கீர்த்தனம் செய்த அதே நாள் ராத்திரி! விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று பவுல் அழுததை வாசகமாகப் பலதடவை கோயிலில் நானே வாசித்திருக்கிறேன். அன்றுதான் அது எனக்கு விளங்கியது. விடியற்காலை எழுந்து, அந்தத் தகப்பன் சொன்ன ஒற்றை வரியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு ஜெபம் வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து, நேராகப் பஸ் ஏறிவிட்டோம். மனைவி பஸ்ஸில் இருந்துதான் மகளுக்குச் சொன்னாள்.

மருமகனின் அம்மா வாசலிலேயே நின்றார். "வாங்க அண்ணாச்சி" என்றவர், அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் உள்ளே ஓடித் தண்ணீர் கொண்டுவந்தார். பளபளவென்று புது எவர்சில்வர் டம்ளர். குடிக்கப்போகும்போதுதான் பார்த்தேன், அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. மகள் சொன்ன ஒரு மணி நேரத்துக்குள் யாரோ கடைக்கு ஓடியிருக்கிறார்கள். நாங்கள் புழங்குகிற டம்ளரில் கொடுத்தால் இவர் குடிப்பாரோ மாட்டாரோ என்று அந்த அம்மா யோசித்திருக்கிறார். அவர்கள் வீட்டில், அவர்கள் காசில். தண்ணீர் தொண்டையில் இறங்க நேரமாயிற்று.

பேத்தி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று தண்ணீருக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன். இரண்டு வாய் குடித்து, பாதியைச் சட்டையில் கொட்டி, மீதியை என்னிடமே திருப்பித் தந்தாள். அதைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

சாப்பாட்டுக்கு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும். கையை வைப்பதற்கு முன் ஒரு நொடி அது தயங்கியது. மகள் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். பிசைந்து சாப்பிட்டேன். எங்கள் வீட்டைவிடப் புளி கொஞ்சம் தூக்கல், நல்ல ருசி. தட்டு பாதி காலியானபோது அந்த அம்மா சட்டியோடு வந்து கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"இன்னும் ரெண்டு துண்டு வைக்கட்டா அண்ணாச்சி?"

தட்டை நீட்டினேன்.