12 பேர், 14 நாள்

பாலக்கோட்டில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் புரோகிராம் எழுதுவது பழக்கம். யாரும் கேட்டு எழுதுவதில்லை. கடை ஸ்டாக்குக்கு ஒன்று, கரண்ட் யூனிட் பார்க்க ஒன்று என்று எதையாவது எழுதி என் போனிலேயே வைத்துக்கொள்வேன். வெளியே விட்டது ஒன்றுதான்: அம்மாவுக்காக எழுதிய பால் கணக்கு ஆப்.

அம்மா பதினோரு வீட்டுக்கும் ஒரு டீக்கடைக்கும் வாடிக்கையாகப் பால் ஊற்றுகிறார். கணக்கெல்லாம் சமையல்கட்டில் தொங்கும் மாதக் காலண்டரில். வழக்கமான அளவை எழுத மாட்டார். கூடினாலோ நின்றாலோதான் அந்தத் தேதிக் கட்டத்தில் ஒரு கோடு, ஒரு எழுத்து. அது யார் வீடு, எவ்வளவு என்பது அவருக்கு மட்டும் விளங்கும். கோட்லின் என்ற புரோகிராம் மொழியில் இரண்டு மாதம் உட்கார்ந்து அதையே ஆப்பாக்கினேன். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் நாலைந்து பேர் "எங்களுக்கும் போட்டுக்கொடு கண்ணு" என்றார்கள்.

பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை போனில் ஏற்ற உதவும் ஏபிகே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வந்த ஏபிகேயைத் திறந்து பணம் இழந்தவர்களின் கதையைச் சொல்லி, "வாட்ஸ்அப்பில் வரும் ஆப்பைத் தொடவே தொடாதீங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். பிறகு நானே எப்படி அனுப்புவது? சரி, முறையாகப் பிளே ஸ்டோருக்கே போவோம் என்று 2025 பிப்ரவரியில் டெவலப்பர் கணக்குத் திறந்தேன்.

கட்டணம் 25 டாலர், ஒரே முறைதான். என் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அடைத்திருந்தது. பேங்க் ஆப்பில் அதைத் திறந்த பிறகுதான் பணம் போனது. அடுத்தது அடையாளச் சரிபார்ப்பு. இங்கே நம் ஊர் இனிஷியல் விளையாடியது. ஒரு அட்டையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மற்றொன்றில் அப்பா பெயர் முழுசாக. கணக்கில் நான் ஒரு மாதிரி எழுதி, வேறு மாதிரி இருந்த அட்டையைக் கொடுத்திருந்தேன். கொடுக்கப் போகும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே பெயரைப் பதிந்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். மற்றபடி, ஆப் எந்தத் தகவலையும் எடுக்கவில்லை என்றாலும் தனியுரிமைக் கொள்கை என்று ஒரு பக்கம் எழுதி இணைப்புக் கொடுக்க வேண்டும். கேள்வித்தாள்கள் இரண்டு மூன்று. அதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது.

முடியாதது டெஸ்டர்களின், அதாவது ஆப்பைப் போட்டுப் பார்ப்பவர்களின், எண்ணிக்கை. 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், ஆப்பைப் பொதுவில் விடுவதற்கு முன், நாம் சேர்த்தவர்கள் மட்டும் போட்டுப் பார்க்கும் மூடிய சோதனை நடத்தியாக வேண்டும். அதற்கு முதலில் குறைந்தது 20 டெஸ்டர் என்றிருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆனது. அந்தப் பன்னிரண்டு பேரும் 14 நாள் விடாமல் டெஸ்டராக இருக்க வேண்டும்.

ஊரில் பன்னிரண்டு ஆண்ட்ராய்டு போனுக்கா பஞ்சம்? டெஸ்டர் பட்டியலில் சேர்க்கக் கேட்ட ஜிமெயில் ஐடிக்குத்தான் பஞ்சம். "அக்கா, உங்க ஜிமெயில் என்ன?" என்றால் போன் நம்பரைச் சொல்கிறார்கள். போனை வாங்கி, பிளே ஸ்டோரைத் திறந்து, மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொட்டு நானே எழுதிக்கொண்டேன். டீக்கடைக்காரர் போனில் இருந்த ஐடியில் அவர் பெயரே இல்லை. போன் வாங்கிய இடத்தில் யாரோ போட்டுக்கொடுத்ததாம். பக்கத்து வீட்டுச் சின்னம்மா போனில் மூன்று ஐடி, அதில் ஒன்று பெங்களூரில் இருக்கும் மகனுடையது. நான் பட்டியலில் சேர்த்தது சின்னம்மா ஐடியை, டெஸ்டராகச் சேர நான் அனுப்பிய இணைப்பு திறந்ததோ மகன் ஐடியில். ஆப் கிடைக்காது என்றே வந்துகொண்டிருந்தது. காரணம் பிடிபட ஒரு சாயங்காலம் போனது. ஓசூரில் வேலை பார்க்கும் நண்பன் ஆர்வமாக வந்தான், ஆனால் அவன் கையில் ஐபோன்.

எப்படியோ சரியாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். அந்தச் 'சரியாக'தான் தப்பு. ஒன்பதாம் நாள் சித்தப்பா போனில் இடம் இல்லையென்று ஆப்பை எடுத்துவிட்டார். திரும்ப ஏற்ற நான் அனுப்பிய பழைய இணைப்பையே திறந்திருக்கிறார். ஏற்கெனவே சேர்ந்தவருக்கு அந்தப் பக்கத்தில் கண்ணில் படுகிற பெரிய பட்டன், சோதனையிலிருந்து விலகுவதற்கானது. அழுத்திவிட்டார். எண்ணிக்கை 11. "ஒரு பட்டன்தான்பா இருந்தது, அதைத்தான் அமுக்கினேன்" என்றார். அவரிடம் என்ன கோபப்படுவது? அவருக்கு மறுபடி முதல் நாளிலிருந்து 14 நாள். இந்தத் தடவை உபரியாக மூன்று பேரைச் சேர்த்துவைத்தேன்.

அந்தக் கூடுதல் நாட்களில்தான் ஆப் உருப்பட்டது. சித்தப்பா எழுத்தைப் பெரிசு பண்ணி வைத்திருப்பவர். அவர் போனில் 'சேமி' பட்டன் திரைக்குக் கீழே போய் ஒளிந்திருந்தது. இதையாவது சீக்கிரம் சரிசெய்துவிட்டேன். அம்மா காட்டியதுதான் என்னை உட்கார வைத்தது. டீச்சர் வீட்டுக்கு ஒரே நாளில் 15 லிட்டர், 50 ரூபாய் வீதம் 750 ரூபாய்.

"ஒன்றரை லிட்டர்தானே ஊத்தின? புள்ளி எங்கம்மா?"

"அந்தப் புள்ளி யார் கண்ணுக்குத் தெரியுது? நான் ஒன்றரைன்னு நெனச்சுதான் போட்டேன்."

யோசித்தால், ஒன்று புள்ளி ஐந்து லிட்டர் பால் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதே இல்லை. நம்பர் பலகையையே தூக்கிவிட்டு கால், அரை, முக்கால், ஒன்று என்று நான்கு பட்டன் வைத்தேன். ஒன்றையும் அரையையும் தொட்டால் ஒன்றரை. அதற்குப் பிறகு யாரும் அளவைத் தப்பாகப் போடவில்லை.

பொதுவில் விட விண்ணப்பிக்கும்போது டெஸ்டர்களை எப்படிச் சேர்த்தீர்கள், என்ன சொன்னார்கள், எதை மாற்றினீர்கள் என்று கேட்கிறார்கள். ஒரு வரியில் முடிக்காமல் பட்டன் கதை, புள்ளி கதை இரண்டையும் விவரமாக எழுதினேன். ஐந்தாம் நாள் அனுமதி வந்தது.

அம்மா இப்போது ஆப்பில் போடுகிறார், காலண்டரிலும் கோடு இழுக்கிறார். மாசக் கடைசியில் இரண்டையும் ஒத்துப் பார்க்கிறார். போன மாசம் டீக்கடைக் கணக்கில் முக்கால் லிட்டர் இடித்தது. டீக்கடைக்காரரைக் கேட்டோம். காலண்டர்தான் சரி.