ஷார்ட்ஹேண்ட் நோட்டுல பொறந்த பிப்பி

எங்க அத்தை கல்யாணத்துக்கு முன்னாடியே டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் முடிச்சவங்க, ஆனா அத வச்சு ஒரு நாள்கூட வேலைக்குப் போகல. பிப்பிங்கற குறும்புக்காரப் பொண்ணோட கதைய எழுதுன ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் பத்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு அத்தை ஞாபகம்தான், ஏன்னா அந்தம்மா பொழப்புக்குக் கத்துக்கிட்டதும் இதேதான்.

ஸ்வீடன்ல விம்மர்பி பக்கம் விவசாயக் குடும்பம், 1907ல பொறந்தவங்க. பதினெட்டு வயசுல, கல்யாணம் ஆகாம கர்ப்பம். சின்ன ஊரு, பேச்சு தாங்க முடியாம ஸ்டாக்ஹோம் போயி டைப்பிங் ஷார்ட்ஹேண்ட் கத்துக்கறாங்க, 1926ல பையன் பொறந்ததும் அவன கோபன்ஹேகன்ல ஒரு வளர்ப்பு அம்மாகிட்ட விட்டுட்டு ஆபீஸ் வேலை, கையில காசு சேர்ந்தா ரயிலேறிப் போயி பாத்துட்டு வர்றது. அவங்க கதைங்கள்ல அப்பா அம்மா கூட இல்லாத புள்ளைங்க ஏன் இவ்ளோ பேருன்னு இதுக்கப்பறம் நான் யோசிக்கறதே இல்ல.

1941ல பொண்ணு காரினுக்கு நிமோனியா. படுத்துக்கிட்டே பிப்பி லாங்ஸ்ட்ரம்ப் கதை சொல்லும்மான்னு வாயில வந்த பேரச் சொல்லிருச்சு, பேரே கிறுக்குத்தனமா இருந்ததால கதையும் அப்படியே வந்துச்சு. வருஷக்கணக்கா வாய்க்கதையாவே ஓடி, 1944ல அம்மா பனியில வழுக்கி கால் சுளுக்கி படுத்தப்பதான் அத ஷார்ட்ஹேண்ட்ல எழுதுனாங்க. அந்த வருஷம் காரினோட பத்தாவது பொறந்தநாளுக்கு அதான் கிஃப்ட். போனியர்ஸ்ங்கற பெரிய பதிப்பகம் வேணாம்னுட்டாங்க (பாவம்!), 1945ல ராபேன் ஷோக்ரென்ங்கற இன்னொரு பதிப்பகம் நடத்துன போட்டியில அதே பிப்பிக்கு முதல் பரிசு. 1958ல குழந்தை இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது.

விருத விட எனக்குப் புடிச்சது வேற. புக் பிச்சுக்கிட்டு ஓடுன பிறகும் 1946லேர்ந்து 1970 வரைக்கும் அதே ராபேன் ஷோக்ரென்ல குழந்தைகள் புத்தக எடிட்டரா வேலை பாத்தாங்க. காலைல கட்டில்லயே உக்காந்து ஷார்ட்ஹேண்ட்ல சொந்தக் கதை, மதியம் ஆபீஸ் போயி அடுத்தவங்க கதை. நாமெல்லாம் நாலு பதிவு எழுதிட்டு வேலைய விட்றலாமான்னு கணக்குப் போடறோம். அந்த நோட்டுங்க மட்டும் அறுநூறுக்கு மேல இருக்கு, ரொம்ப காலம் யாராலயும் படிக்க முடியாதுன்னே நெனச்சுட்டு இருந்தாங்களாம்.

நேத்து அத்தைக்கு போன் பண்ணி ஷார்ட்ஹேண்ட் இன்னும் ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். அரைமணி நேரம் கழிச்சு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ, பால் கணக்கு நோட்டுல ரெண்டு வளைவு, ஒரு கோடு, ஒரு புள்ளி. என் பேராம்.