வில்லுக்கும் திரைக்கும் பாட்டு எழுதிய அனுபவம்

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள கோயில் கொடை விழாக்களுக்கும், கடற்கரை ஊர்களின் தேவாலயப் பங்குத் திருவிழா நாடகங்களுக்கும் பாட்டு எழுதியே இத்தொழிலைக் கற்றேன். நாடகத்திலிருந்து திரைக்குப் போவது எங்கள் பக்கத்துக்குப் புதிதன்று; 1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நாடகக் குழுவில் வளர்ந்தே படத்துக்குப் போனார், வில்லுப்பாட்டையும் விட்டுவிடவில்லை. ஆனால் நடிகருக்கு அமையும் அந்தப் பாதை பாட்டு எழுதுபவனுக்கு அவ்வளவு நேராக அமைவதில்லை.

வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் வீசுகோலால் வில்லை அடித்து ஓர் அடியைப் பாடியதும், குடமும் உடுக்கையும் ஜால்ராவும் சேர, பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியின் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடுவார்கள். ஆகவே அடியின் கடைசிச் சீர் பலர் வாயில் ஒருசேர விழக்கூடியதாக இருக்க வேண்டும். அங்கே கடினமான சொற்புணர்ச்சியை வைத்தால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். குழாய் ஒலிபெருக்கியோ லகர ளகர வேறுபாட்டை அப்படியே விழுங்கிவிடும். அந்த ஒலி வேறுபாட்டை நம்பிச் சிலேடை கட்டினால், பந்தலுக்கு வெளியே கடலை வாங்கிக்கொண்டு நிற்பவருக்கு அது போய்ச் சேராது. மேடைப் பாட்டைக் கேட்பவர் ஒருமுறைதான் கேட்கிறார் என்பதால், கதை அடுத்த அடிக்கு நகருமுன் பொருள் விளங்கிவிட வேண்டும்.

திரைப்பாட்டில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வருகிறது. இசையமைப்பாளர் ‘தன்னன தானா’ என்று முனகிய ஒலிப்பதிவைக் கைபேசியில் அனுப்புவார். நான் பொருளைத் தேடுமுன், பாடகர் எங்கே மூச்சு வாங்குவார், குரல் எங்கே நீளும் என்று தாளில் குறித்துக்கொள்வேன். முதல் அசையிலேயே குரல் நீளும் இடத்தில் ‘கடல்’ என்று வைத்தால் அது ‘காடல்’ ஆகிவிடும். ‘வானம்’ என்று வைத்தால் குரல் நெடிலில் நின்று விளையாட இடம் கிடைக்கும். பழைய நாடக ஆசிரியர்களும் இந்துஸ்தானி மெட்டுகளுக்குப் பாட்டுக் கட்டியவர்கள்தாம் என்பதால், மெட்டுக்கு எழுதுவதை இளப்பமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் கவலையெல்லாம், அனுப்பிய மறுநாளே பல்லவியை மாற்றச் சொல்லும் இயக்குநர் எதனால் என்று சொல்லாமல் விடுவதுதான்.

கூலி விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நாடகக் குழுத் தலைவர் கையில் கொடுப்பதோடு மேடைப் பாட்டின் கணக்கு முடிந்துவிடும். திரைப்பாட்டுக்கோ, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தத்தின்படி, திரையரங்குக் காட்சி நீங்கலான பிற பயன்பாடுகளுக்கு வரும் உரிமைத்தொகையில் பாடலாசிரியருக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்குமான பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.-இல் உறுப்பினராகிப் பாடல்களைப் பதிவு செய்துகொண்டால், தொகையை அவர்கள் வசூலித்துத் தருவார்கள். எழுத வரும் இளைஞர்கள் என்னிடம் சந்தத்தைப் பற்றி மணிக்கணக்கில் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தின் நகலை வாங்கினீர்களா என்று நான் திருப்பிக் கேட்டால்தான் அவர்களுக்குப் பேச்சு நின்றுபோகிறது.