பூச்சிக் குளிசை மட்டும் போதாது

மாங்குளத்துக்குக் கிட்ட, ஒரு வளவில் கொட்டில் போட்டுத் தெருநாய்களையும் பூனைகளையும் பார்க்கிறோம். கடந்த மாரி தொடங்கிய கையோடு ஒரு தாய் நாயும் மூன்று கிழமைக் குட்டிகள் ஆறும் வந்து சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் பூச்சி மருந்து பருக்கிவிட்டு, சரி, வேலை முடிந்தது என்று இருந்தோம். எட்டாம் நாள் ஒரு குட்டி சுருண்டுவிட்டது. சொண்டைத் தூக்கிப் பார்த்தால் முரசு தேங்காய்ச் சொட்டு மாதிரி வெளிறிக் கிடந்தது. மலம் தார் போலக் கறுப்பு. அந்த இரவை அது தாண்டவில்லை.

மற்றவற்றைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "பீ கொண்டு வந்தனீங்களோ?"

கொண்டுபோகவில்லை. அடுத்த நாள் யோகட் கப்பில் போனது. அவர் செய்தது பெரிய வித்தையில்லை. கறியுப்பைக் கரையாத அளவுக்குப் போட்ட தண்ணீரில் மலத்தைக் கரைத்து, தேத்தண்ணி வடியில் வடித்து, சின்னப் போத்தலில் விளிம்பு முட்ட ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்தார். கால் மணித்தியாலத்தில் முட்டைகள் மிதந்து அதில் ஒட்டிவிடும். நுணுக்குக்காட்டியில் பார்த்தேன்: மெல்லிய கோதுக்குள் திராட்சைக் குலை மாதிரி ஏதோ. கொழுக்கிப்புழு. குடலைக் கடித்து இரத்தம் குடிப்பது.

மருந்து குடலில் இருந்ததைத்தான் கொன்றிருக்கிறது. தாயின் தசைக்குள் உறங்கிய குடம்பிகள், அதாவது புழுக் குஞ்சுகள், பாலோடு குட்டிகளுக்குப் போய்க்கொண்டே இருந்தன. அதனால் இரண்டு கிழமைக்கு ஒருதரம், தாய்க்கும் குட்டிகளுக்கும் ஒரே நாளில், நிறுத்துப் பார்த்துக் கொடுக்கவேண்டும். கண்மதிப்புக் கணக்கை அன்றோடு விட்டோம்.

இரண்டு குட்டிகளுக்கு வயிற்றோட்டம் மட்டும் நிற்கவில்லை. திரும்பவும் கப். இந்தமுறை கொக்சிடியா. அது புழுவே இல்லை, ஒற்றைக்கல உயிரி. எந்தப் பூச்சி மருந்துக்கும் அசையாது, வேறு மருந்துதான். பூனையின் வாலடியில் அரிசி மாதிரி ஒட்டியிருந்தவை நாடாப்புழுத் துண்டுகள். அதற்கு பிராசிகுவான்டெல் கொடுத்தோம். ஆனால் தெள்ளை ஒழிக்காவிட்டால் அது திரும்பி வரும். நக்கும்போது தெள்ளை விழுங்கித்தான் தொற்றுகிறது.

மண்ணைத்தான் நாங்கள் கவனிக்கவே இல்லை. மாரி ஈரத்தில் கொழுக்கிப்புழு முட்டை ஒரு கிழமைக்குள் தொற்றும் குடம்பியாகிவிடும், தோலைத் துளைத்தே ஏறும். எனக்கே ஏறியது. செருப்பில்லாமல் கொட்டில் கூட்டிய என் பாதத்தில் நூல் ஓடினமாதிரி ஒரு சிவப்புக் கோடு, நாளுக்கு நாள் நீண்டது. இரவில் நித்திரை இல்லை, அப்படிக் கடி. ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனேயே, "வீட்டில நாய் இருக்கோ?" என்றார் டொக்டர். எத்தனை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

பிறகு பலகைகளை இடைவெளி விட்டு அடித்துத் தரையை உயர்த்தினோம். மலத்தைக் காலையும் மாலையும் அள்ளுகிறோம். பிந்தினால் ஒருவருக்கொருவர் ஏச்சுத்தான்.

தை முடிவில் கொண்டுபோன கப்புகளில் குட்டிகளுடையதில் ஒன்றுமில்லை. தாயுடையதில் மட்டும் இரண்டு மூன்று முட்டைகள். அவளுக்கு அடுத்த மருந்து வருகிற வியாழக்கிழமை.